வெந்நீர்த் துணி

எல்டன் ஆலிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. டென்னிங் ஹார்பரில் பிறந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய குறை வேறு கிடையாது. அப்பா, அண்ணன்மார், சித்தப்பா என்று எல்லாருமே சிங்கிறால் கூண்டு போட்டுப் பிழைத்தவர்கள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு எல்டனையும் படகில் ஏற்றினார்கள். துறையின் வாயைத் தாண்டுவதற்குள் காலையில் தின்ற பீன்ஸ் முழுக்க வெளியே வந்துவிட்டது. பழகிவிடும் என்றார்கள். இரண்டு கோடைகள் பழகிப் பார்த்தான். அடுத்த கோடையில் ஒரு நாள் அப்பா அவனைப் பேசாமல் கரையில் இறக்கிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அப்படித்தான் அவன் லோவெல் டிராஸ்க்கின் யார்டுக்கு வந்து சேர்ந்தான். கோடைக்கு மட்டும் வந்து தங்குகிறவர்களின் படகுகளை இலையுதிர் காலத்தில் நீரிலிருந்து தூக்கி, இரும்புக் கால்களில் நிறுத்தி, குளிர் முடியும்வரை காத்துக் கொடுக்கிற இடம் அது. தரையில் நிற்கிற படகு ஆடாது. அதன் உள்ளே எல்டனுக்குத் தலை சுற்றவில்லை. புதிதாக வருகிறவனுக்குக் கழிவறை வேலையைத் தள்ளிவிடுவது யார்டின் வழக்கம். ஒரு வருடம் அதில் கிடந்துவிட்டு எல்லாரும் எஞ்சினுக்கோ வார்னிஷுக்கோ போய்விடுவார்கள். எல்டன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவன் யோசித்ததும் இல்லை. கேட்டவர்களும் யாரும் இல்லை. 'கக்கூஸ் எல்டன்' என்று பேர் விழுந்தது. அது நிலைத்தும் போனது. இப்போது அவனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

அவன் கைப்பட்ட படகை வசந்தத்தில் திறந்தபோது குழாய் வெடித்திருந்ததே இல்லை என்பார்கள். குழாயில் ஒரு மிடறு தண்ணீர் தங்கிவிட்டாலும் போதும், ஜனவரியில் அது உறைந்து வீங்கி பம்பின் வயிற்றைக் கிழித்துவிடும். எல்டன் முதலில் கழிவுத் தொட்டியை உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, மறுபடி உறிஞ்சுவான். கடல்நீர் உள்ளே வருகிற குழாயைக் கழற்றி, உறையாத திரவம் இருக்கிற வாளிக்குள் அதன் வாயை வைப்பான். யார்டில் அந்தத் திரவத்துக்கு 'பிங்க்' என்று பேர். கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் கழிவறைக் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக ஏறி வரும். நிறம் வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எல்டன் நிறுத்த மாட்டான். தாழ்ந்து தொங்குகிற வளைவுகளில் பழைய தண்ணீர் ஒளிந்துகொண்டிருக்கும். அது பிங்க்கோடு கலந்துவிட்டால் நிறம் மட்டும்தான் மிஞ்சும், சத்து இருக்காது. வாளியில் எப்படி இருந்ததோ அதே அடர்த்தியில் மறுமுனையில் வருகிறவரை அவன் அடித்துக்கொண்டே இருப்பான். கார்களுக்கு ஊற்றுகிற பச்சைத் திரவத்தை அவன் தொடவே மாட்டான், அது விஷம். சாராயம் கலந்த மலிவுச் சரக்கையும் வாங்கவிட மாட்டான். அது பம்புக்குள் இருக்கிற ரப்பர் நாக்கைக் காயவைத்துவிடும்.

இவ்வளவும் கையும் கண்ணும் செய்கிற வேலை. ஹோஸ் விஷயம் அப்படியல்ல. அதற்கு மூக்கு வேண்டும்.

கழிவு போகிற ஹோஸ் ஒரு நாளில் கெடுவதில்லை. உள்ளே தேங்கி நிற்கிற அழுக்கு வருடக்கணக்கில் அதன் சுவருக்குள் ஊறும். ஒழுகாது, வெடிக்காது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படகு முழுக்க ஒரு நாற்றம் குடியேறிவிடும். எந்த ஹோஸ் கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸைச் சுற்றிப் போர்த்த வேண்டும். ஆறியதும் எடுத்து, வெளியே கொண்டுபோய் முகர வேண்டும். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் அந்த ஹோஸுக்கு ஆயுள் முடிந்தது.

அதிலும் அந்த யார்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு மூக்கு சொன்னால் செல்லாது, இரண்டு மூக்கு சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் எவனோ ஒருவன் தன் மூக்கை மட்டும் நம்பி ஒரு படகின் அத்தனை ஹோஸையும் அறுத்துப் போட்டானாம். கடைசியில் பார்த்தால் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூட்டை வெங்காயம் அழுகிக் கிடந்ததாம். அன்றிலிருந்து இந்த வழக்கம். எல்டனோடு இரண்டாவது மூக்காக வேலை செய்தவள் மைரா கிரோலி. அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். எல்டனுக்கு அது சரியாகப் போனது, இருவருக்குமாகச் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

காலையிலிருந்து கழிவுத் தொட்டிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் மூக்கு மரத்துப்போகும். 'மூக்கு செத்துப்போச்சு' என்பார்கள். அதற்கு வைத்தியமும் உண்டு: வெளியே போய்க் குளிர்காற்றில் நின்று, காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு வரவேண்டும். 'உயிர் வந்துச்சா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். மூக்கு சீக்கிரம் சாகிறவனைத்தான் நல்ல வேலைக்காரன் என்று நினைப்பார்கள். நாற்றம் தெரிகிறவன் இன்னும் பச்சைப் பிள்ளை.

அதனால்தான் எல்டனுக்கு நடந்தது யாருக்கும் தெரியாமல் போனது.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஊர் முழுக்க ஒரு காய்ச்சல் வந்து போனது. எல்லாருக்குமே வாசனை தெரியாமல் போயிற்று. ஈஸ்டர் வாக்கில் மைராவுக்குத் திரும்பி வந்தது. முதலில் எல்லாமே ரப்பர் எரிகிற மாதிரி நாறியது, அப்புறம் சரியாகிவிட்டது என்றாள். "உனக்கு?" என்று கேட்டாள். எனக்கும் வந்துவிட்டது என்று எல்டன் சொல்லிவிட்டான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரத்தில் வந்துவிடும், இன்றைக்கே சொன்னால் என்ன என்று நினைத்தான். அந்த ஒரு வாரம் வரவேயில்லை.

அதற்கப்புறம் துணியை முதலில் மைராவிடம் நீட்டப் பழகிக்கொண்டான். "என்ன திடீர்னு மரியாதை?" என்று அவள் கேலி செய்தாள். அவள் மூக்கைச் சுளித்தால் இவனும் சுளிப்பான். அவள் தோளைக் குலுக்கினால் இவனும் குலுக்குவான். சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிற மாதிரி நிற்க வேண்டும் என்பதுகூட அவனுக்குக் கைவந்துவிட்டது. பாதி ஹோஸ்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம் என்பதும் உண்மைதான். கழிவு எங்கே படுத்துத் தூங்குகிறதோ அங்கேதான் ஹோஸ் சாகும் என்பது அவன் வாய்ப்பாடு. மேலேறிப் போகிற குழாயின் அடியில், தொய்ந்து கிடக்கிற வளைவில், அவன் கணக்கு பெரும்பாலும் தப்பாது. பெரும்பாலும்தான்.

வேலைக்கு வெளியில்தான் அவனுக்குக் கஷ்டம். மனைவி நாடின் உயிரோடு இருந்தவரை அவனை வாசலிலேயே நிறுத்தி, கழுத்துப் பக்கம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். 'போ, இன்னொரு தடவை குளி' என்று பின்கொட்டகைக்குத் துரத்திய நாட்களும் உண்டு. அவள் போய் நாலைந்து வருடங்களாகின்றன. இப்போது தன்மேல் நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. குளித்துவிட்டு மறுபடி குளித்தான். கையை பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து விரல் முட்டிகளில் வெடிப்பு விட்டிருந்தது. சனிக்கிழமைகளில் சர்ச் கூடத்தில் போடுகிற பீன்ஸ் சாப்பாட்டுக்கு முதலில் கடைசி மேஜையில் போய் உட்கார்ந்தான். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டான். ஒரு தடவை கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தான். அவள் சும்மாகூடப் பார்த்திருக்கலாம்.

படகுக்குள் இருக்கும்போது மட்டும் இந்தக் கவலை இல்லை. அங்கே நாறுவதுதான் இயல்பு. அதைவிட்டால் அவனுக்குப் போக்கிடம் எது?

இந்த அக்டோபரில் மைராவின் முழங்கால் ஆபரேஷன் தள்ளிப்போடவே முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. வசந்தம்வரை அவள் ஏணி ஏறக் கூடாது. வேறு ஆள் தரட்டுமா என்று லோவெல் கேட்கவில்லை. உன் மூக்கு ஒன்றே போதும், இத்தனை வருடம் கழித்து உனக்கு எதற்கு இரண்டாவது மூக்கு என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். லோவெலும் எல்டனும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அந்தத் தட்டு எல்டனுக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

முதலில் வந்தது 'பிளோவர்' என்ற படகு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்திக்குச் சொந்தம், கோடை முழுக்க அதிலேயே இருப்பாள். ஏதோ லேசாக நாறுகிற மாதிரி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தெற்கே போயிருந்தாள். எல்டன் கரண்ட் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, துணிகளைப் போர்த்தி, எடுத்து, மேல்தளத்தில் நின்று முகர்ந்தான். ஒன்றுமில்லை. வெந்நீரின் கதகதப்பு மட்டும் மூக்கு நுனியில் பட்டது. எல்லா ஹோஸையும் மாற்றச் சொல்லிவிடலாம். நல்ல ஹோஸை அறுத்துப் போட்ட வெங்காயக்காரன் கதைதான் அது. எல்லாம் சரி என்று சொல்லிவிடலாம். அப்புறம் அந்த அம்மாள் அடுத்த கோடை முழுக்க நாற்றத்தில் படுத்துத் தூங்குவாள். எல்டன் ஒவ்வொரு துணியையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்க மூடி, எது எந்த ஹோஸ் என்று மேலே எழுதி, பிக்கப் வண்டியை மைரா வீட்டுக்கு விட்டான்.

மைரா சாய்வு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த கேக்கும் சூப்பும் அடுக்கியிருந்தன. எல்டன் உறைகளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்னது இது?"

"பிளோவர்."

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டவளுக்கு ஊரே கேக் கொண்டாந்து குடுக்குது. நீ பீத்துணி கொண்டாந்திருக்க."

"ரெண்டு மூக்கு வேணும்ல."

"லோவெல் ஒண்ணு போதும்னு சொன்னானாமே."

"லோவெலுக்கு என்ன தெரியும்?"

இந்தப் பதில் மைராவுக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது மூக்கு இல்லாமல் எல்டனால் முடியவில்லை என்பது அவளுக்குப் பூங்கொத்து மாதிரி. உறைகளைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பம்பிலிருந்து தொட்டிக்குப் போகிற ஹோஸ் செத்துவிட்டது, மற்றது எல்லாம் நல்லது என்று தீர்ப்புச் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றான் எல்டன்.

அந்த ஹோஸை மாற்றிய நாள்தான் அந்த அக்டோபரில் அவனுக்கு நல்ல நாள். யார்டின் சரக்கறையில் ஹோஸ்கள் சுருள் சுருளாகத் தொங்கும். உள்ளே வரிவரியாக மேடு ஓடுகிற மெல்லிய வெள்ளை ஹோஸ் மலிவு, எப்படி வேண்டுமானாலும் வளையும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் கழிவு தங்கும். அது படகின் அடியில் சேர்கிற தண்ணீரை இறைப்பதற்குத்தான் லாயக்கு. எல்டன் கனத்த சுவருள்ள கறுப்பு ரப்பரை எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அது முரடு, மூலையில் வளைய அடம் பிடிக்கும். கூர்மையாக வளைத்தால் மடிந்து மூச்சுத் திணறும். எங்கும் தொய்யாமல், கழிவு தானாகவே தொட்டிக்கு வழிந்து போகிற மாதிரி சரிவு பார்த்து அளந்தான். முனையை வெந்நீரில் முக்கி இளக்கி, பம்பின் பல் வைத்த முனைமேல் திருகித் திருகி ஏற்றினான். ஒவ்வொரு இணைப்புக்கும் இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப், ஒன்றின் திருகு ஒரு பக்கம், மற்றதன் திருகு எதிர்ப்பக்கம். படுத்த நிலையில், கன்னம் மரப்பலகையில் அழுந்த, விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இறுக்கினான். முடித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தான். இந்த வேலை தனக்குத் தெரியும் என்று தோன்றியது. தெரியாதவன் என்று யாரும் தன்னைச் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் உறைகளோடு அடிக்கடி மைரா வீட்டுக்குப் போனான். அவளும் எதிர்பார்க்கத் தொடங்கினாள். கேக்கை மட்டும் மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவைக்கச் சொன்னாள். இப்படியே இந்தப் பருவம் ஓடிவிடும் என்றுகூட எல்டன் நினைத்தான்.

மைராவுக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று அவள் சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் ஐஸ் கொண்டுவரச் சொல்லி அவனை அடுக்களைக்கு அனுப்பினாள். அவன் திரும்பி வந்தபோது ஓர் உறையைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது ரெண்டுங்கெட்டானா இருக்கு. நீ பாரு."

எல்டன் உறைக்குள் மூக்கை வைத்தான். வழக்கமான நேரம் நின்றான். தலையைச் சாய்த்தான்.

"லேசா இருக்கு. வளைவுகிட்ட ஊற ஆரம்பிச்சிருக்கும். இந்த வருஷம் தாங்கும்."

மைரா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தாள். உறைக்குள் இருந்ததை வெளியே இழுத்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் துடைக்கிற துண்டு அது. அறை முழுக்க அந்தத் தைலம்தான் மணந்துகொண்டிருக்க வேண்டும். அவள் கண்ணே அதில் கலங்கியிருந்தது.

"எப்பலேருந்து?"

"என்ன எப்பலேருந்து?"

"எல்டன்."

அவன் கையிலிருந்த ஐஸ் பையைப் பார்த்தான். "அந்தக் காய்ச்சல்லேருந்து."

"வந்துடுச்சுன்னு சொன்னியே."

"வரும்னு நெனச்சேன்."

"அப்ப ரெண்டு சீசனா நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டிருந்தியா? எனக்கு எத்தனை தடவை சந்தேகம் வந்திருக்கு தெரியுமா? சரி, எல்டனும் ஆமாங்கறான்னு விட்டுட்டேன். உன் மூக்கை நம்பி விட்டேன்டா நானு."

எல்டனுக்கு இது உறைத்தது. அவள் மூக்கு கண்டிப்பாகச் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து அவன் ஆமாம் போட்டிருந்தான். அவன் ஆமாம் போட்டதால் தன் மூக்கு சரிதான் என்று அவள் நினைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கு நடுவில் முழுசாக ஒரு மூக்குகூட இருந்திருக்கவில்லை.

"ஹோஸ் நாறினா நாறிட்டுப் போவுது," என்றாள் மைரா. குரல் தணிந்திருந்தது. "பெட்ரோல் எஞ்சின் வச்ச படகுல தனியா எறங்கறியே. கெட்டிலைச் சொருகறியே. கீழ ஆவி கட்டியிருந்தா உனக்குத் தெரியுமா? ஒரு பொறி போதாதா?"

"ஆவி பாக்கற மீட்டர் இருக்கு."

"அந்த மீட்டர் ஆணியில தொங்கிட்டிருக்கு. அதுல பழுதுன்னு செவப்பு வெளக்கு எரியாத நாளை நான் பாத்ததே இல்ல. யாராவது நம்பறோமா அதை? எல்லாரும் மூக்கைத்தான் நம்பறோம்."

அவன் ஐஸ் பையை அவள் முழங்கால்மேல் வைத்தான். அவள் அதைச் சரிசெய்துகொண்டாள். வெள்ளிக்கிழமைக்குள் லோவெலிடம் நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றாள். சொன்னால் வேலை போய்விடும் என்றான். தெரியும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைவரை எல்டன் தள்ளிப்போட்டான். வாசனை தெரியாதது என்ன குற்றமா, கண் மங்கினவன் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லையா என்று தனக்குள் வாதாடிப் பார்த்தான். மூக்குக்குக் கண்ணாடி கிடையாது. தன் தவறு எங்கே தொடங்கியது என்று பிடிக்கப் பார்த்தான். காய்ச்சலிலா, ஈஸ்டருக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலா, அல்லது அதற்கப்புறம் ஒவ்வொரு துணியிலுமா? ஒரு இடத்தில் விரலை வைக்க முடியவில்லை.

லோவெலின் அலுவலகத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லோவெல் தொலைபேசியைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ காத்திருந்தான். அடுத்த வாரம் கடும் உறைபனி என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். யார்டில் இன்னும் வரிசையாகப் படகுகள் நின்றன.

"லோவெல், எனக்கு மூக்கு வேலை செய்யல."

"யாருக்குத்தான் செய்யுது?" லோவெல் நிமிரவில்லை. "வெளிய போய் நில்லு. உயிர் வந்துடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எல்டனும் சிரித்தான். அது பழக்கம். அந்த வார்த்தைக்கு எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். வாசல்படியில் நின்றபோதுதான் நடந்தது புரிந்தது. சொல்லியாயிற்று. மைரா கேட்டால் சொன்னேன் என்று சொல்லலாம், அது பொய்யாகாது. உடம்பு முழுக்க ஒரு இளக்கம் பரவியது. கெட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போனான்.

அது ஒரு பழைய பெட்ரோல் படகு. ஏணியில் ஏறி, கதவைத் தள்ளி, உள்ளே இறங்கினான். எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தான். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. வேறொன்றும் இல்லை. இந்த 'ஒன்றும் இல்லை' என்பது ஒன்றும் இல்லாததாக இருக்கலாம். முழங்கால்வரை பெட்ரோல் ஆவி நிற்பதாகவும் இருக்கலாம். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கெட்டிலின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த துளைகளைப் பார்த்தபடி நின்றான். இதற்கு முன் எத்தனை படகுகளில் யோசிக்காமல் சொருகியிருக்கிறான். பக்கத்துப் படகில் யாரோ பாட்டுப் பாடிக்கொண்டே எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குரலை வைத்து யார் என்று சொல்ல முடியவில்லை. இங்கே ஒன்று நடந்தால் அந்தப் பாட்டும் நிற்கும்.

அவன் பிளக்கை மெதுவாகக் கீழே வைத்தான். கெட்டிலை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினான்.

அலுவலகத்தில் இந்தத் தடவை லோவெல் தொலைபேசியில் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான். அப்புறம் மூலையிலிருந்த மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கி மேஜைமேல் வைத்தான்.

"இதைத் தெறந்து என் மூக்குகிட்டப் பிடி."

"என்னடா வெளையாட்டு இது?"

"பிடி, சொல்றேன்."

லோவெல் மூடியைத் திருகினான். டப்பாவைத் தூக்கும்போது அவன் முகமே தானாகப் பின்னால் போனது. எல்டன் மூக்கை டப்பாவின் வாய்க்கு நேராக வைத்து ஆழமாக இழுத்தான், மறுபடி இழுத்தான். லோவெல் அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டப்பாவைக் கீழே வைத்து, மூடியை ரொம்ப நேரம் திருகினான்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டான். மைராவுக்கு மட்டும் என்றான் எல்டன். லோவெல் எழுந்து கதவைச் சாத்தினான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எல்டனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, நம்ம மூணு பேரோட நிக்கட்டும். பெட்ரோல் படகை நீ தொடாத, அதுக்கு வேற யாரையாவது விடறேன். டீசலுது, பாய்மரத்துது எல்லாம் நீயே பிங்க் போட்டு முடிச்சிடு. ஹோஸ் எதையும் சோதிக்க வேணாம். எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடு. எல்டன் சொன்னா எவன் கேக்கப் போறான்? வசந்தத்துல மைரா வந்ததும் மெதுவாப் பாத்துக்கலாம்."

கருணையான பேச்சுதான். எல்டனுக்கு அது தெரிந்தது. வெளியே உறைபனி வருகிறது, ஆள் இல்லை, சிநேகிதனையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்றரை வருடமாக எல்டன் ஆமாம் போட்டது மாதிரி இன்னும் சில வாரம் போட்டால் போதும். இதுவரை களவாகச் செய்ததை இனிமேல் அனுமதியோடு செய்யலாம். அப்படியிருக்க, வேண்டாம் என்று சொல்ல தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் வாய் அதைத்தான் சொன்னது.

"அப்படிச் சொல்ல மாட்டேன், லோவெல்."

"இத்தனை நாள் சொன்னியே."

"ஆமா."

அப்படியானால் படகுகளுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்துகிற வேலைதான் இருக்கிறது, அதுவும் பனி விழும்வரைதான் என்றான் லோவெல். குரலில் இப்போது சிநேகிதம் குறைந்திருந்தது. உள்ளே யாரும் உன்னை இறங்கவிடக் கூடாது என்று நான் எல்லாரிடமும் சொல்ல வேண்டியிருக்கும், தெரியுமில்லையா என்றான். தெரியும் என்றான் எல்டன்.

அன்றைக்கே வேறொருவன் அந்தப் பெட்ரோல் படகுக்குள் போய்ப் பார்த்தான். கசிவு எதுவும் இல்லை, காய்ந்து சுத்தமாக இருந்தது என்றான். கெட்டிலைக் கொண்டுவந்து எல்டனிடம் கொடுத்தான்.

எல்டன் பிளாஸ்டிக் போர்த்தினான். படகின் மேல் சட்டம் கட்டி, தாளை இழுத்து, அனல் காட்டிச் சுருக்குகிற வேலை. தரையில் நின்றும் ஏணியில் நின்றும் செய்யலாம். அவன் உள்ளே இறங்கக் கூடாது என்பது யார்டுக்கே தெரிந்துவிட்டது. முதலில் கேலி பண்ணினார்கள், செத்த மூக்கு என்று. அது உண்மையிலேயே செத்துவிட்டது என்று புரிந்ததும் அந்தக் கேலி நின்றுவிட்டது. அவன் பக்கத்தில் இருக்கும்போது அந்த வார்த்தையையே யாரும் சொல்லவில்லை. கேலியே தேவலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கழிவறை வேலைக்கு இரண்டு புது ஆட்களைப் போட்டார்கள். ஒரு படகிலிருந்து நிறம் வெளிறிய பிங்க் வடிவதை அவன் வெளியே நின்று பார்த்தான். இன்னும் அடிக்க வேண்டும் என்று சொன்னான். பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி கூறும் நாளுக்கு முந்தின வாரம் பனி கொட்டியது. லோவெல் கை கொடுத்து அனுப்பினான்.

யார்டிலிருந்து எல்டன் நேராக மைரா வீட்டுக்குப் போனான். உள்ளே போகாமல் வாசல் மிதியடியில் நின்றான். அவள் இப்போது கைத்தடியோடு நடந்தாள்.

"உள்ள வா, குளிருது."

"பூட்ஸ்ல பனி."

"இருக்கட்டும், வா."

அவன் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். மைரா காப்பி ஊற்றினாள். புது ஆட்கள் எப்படி என்று கேட்டாள். பழகிக்கொள்வார்கள் என்றான். வசந்தத்தில் அவர்களோடு நான் எப்படி மல்லுக்கட்டப் போகிறேனோ என்றாள். இருவரும் சுடச்சுடக் குடித்தார்கள். அவனுக்குச் சூடு மட்டும் தெரிந்தது.

"என்மேல கோவமா?" என்றாள் மைரா.

"இல்ல."

"நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

அவள் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் போவதற்குள் அவனிடமிருந்து எதையாவது நல்லதாகக் கேட்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

"சொன்னதுக்கப்புறம் கொஞ்சமாவது லேசா இருக்கா, எல்டன்?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். லேசாக இருக்கும் என்று அவனும்தான் நினைத்திருந்தான்.

"இல்ல," என்றான்.

மைரா தலையை அசைத்தாள். இருட்டுவதற்குள் சாலையில் பனி இறுகிவிடும் என்பதால் அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான்.